அந்த உலகத்தின் சட்டம் என்ன சொல்கிறது?

பொது நூலகம் ஒன்றின் இளையோர் பிரிவுக்கு நூல்களைத் தெரிவு செய்வதும், வந்து கேட்கும் பிள்ளைகளுக்கு ஏற்றதை எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. அந்தப் பிரிவில், இளம்பெண்கள் இருவரிடையே மலரும் காதலைச் சொல்லும் மிகுபுனைவு (ஃபேன்டசி) நாவல்களுக்கு நான் தனிக் கவனம் கொடுத்து வருகிறேன். ஒரு நாவலில் அப்படியொரு காதல் இருக்கிறது என்ற தகவலைப் பதிப்பகத்தின் அறிமுகக் குறிப்பே தந்துவிடும். அதற்காக நான் நூலைத் திறக்க வேண்டியதில்லை. ஆசிரியர் படைத்த உலகம் அந்தக் காதலை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பதை அறியத்தான் திறக்கிறேன். எந்தப் பிள்ளையின் கையில் எந்த நூல் போய்ச் சேர வேண்டும் என்பதை, என் அனுபவத்தில், பெரும்பாலும் இந்த ஒன்றே தீர்மானிக்கிறது.

நடப்புலகைப் பின்னணியாகக் கொண்ட நாவலாசிரியர் சமூகத்தை இருக்கிறபடியே எடுத்துக்கொள்ள வேண்டியவர். மிகுபுனைவு எழுதுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வானில் எத்தனை நிலவுகள், அரியணை யாருக்கு, மந்திரம் எந்த விதிக்குக் கட்டுப்படும் என்பதையெல்லாம் அவரே வகுக்கிறார். அப்படியிருக்க, ஒரு பெண் இன்னொரு பெண்ணை நேசிப்பது அந்த நாட்டில் குற்றமா இல்லையா என்பதும் அவர் எடுக்கும் முடிவுதான். 2009இல் வெளிவந்த மலிண்டா லோவின் ‘ஆஷ்’ இதை எனக்குத் தெளிவாகக் காட்டிய நூல். சின்ட்ரெல்லா கதையை மாற்றிச் சொல்லும் அந்நாவலில், தாய் தந்தையரை இழந்த பெண் அரசவையின் வேட்டைத் தலைவியிடம் மனம் கொடுக்கிறாள். அதைக் கண்டு அங்கே யாரும் திகைப்பதில்லை, யாரும் விளக்கம் கேட்பதுமில்லை. ஒரு வனதேவனிடம் அவள் பட்டிருக்கும் கடன்தான் அவளுக்குத் தடையாக நிற்கிறது. ஆட்ரி கோல்தர்ஸ்ட் 2016இல் எழுதிய ‘ஆஃப் ஃபயர் அண்ட் ஸ்டார்ஸ்’ இன்னும் நுட்பமான ஒன்றைச் செய்கிறது. அயல்நாட்டு இளவரசனுக்கு நிச்சயிக்கப்பட்ட இளவரசி அவனுடைய சகோதரியையே விரும்பிவிடுகிறாள். இரண்டு நாடுகளின் உடன்படிக்கை அந்தத் திருமணத்தில் தொங்குவதால் அது சிக்கலாகிறதே தவிர, இருவரும் பெண்கள் என்பதால் அல்ல. அவள் உயிரைக் கொடுத்து மறைக்க வேண்டியிருப்பது தனக்குள் இருக்கும் நெருப்பின் ஆற்றலை. மறைத்து வாழ்வதன் வலியை ஆசிரியர் காதலிலிருந்து எடுத்து மந்திரத்தில் வைத்துவிடுகிறார். அதனால் அந்த வலியை அறிந்த பிள்ளை அதை அடையாளம் கண்டுகொள்ள முடிகிறது, காதலோ காயமின்றி இருக்கிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதை நான் குறைவாக மதிப்பதில்லை. கேலின் பேரனின் ‘சின்ட்ரெல்லா இஸ் டெட்’ (2020), சின்ட்ரெல்லா இறந்து 200 ஆண்டுகளுக்குப் பிறகு நடக்கும் கதை. அவளுடைய கதையையே வேதமாக்கிய நாட்டில், பெண்கள் அரசு நடத்தும் நடன விழாவுக்குக் கட்டாயமாகப் போக வேண்டும், ஆண்கள் அவர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். தோழியை நேசிக்கும் நாயகிக்கு அங்கே இடமே இல்லை. டெலர் கே மெஹியாவின் ‘வீ செட் தி டார்க் ஆன் ஃபயர்’ (2019) காட்டும் நாட்டில் உயர்குடி ஆண் ஒவ்வொருவனுக்கும் இரண்டு மனைவியர் என்பது முறை. குடும்பத்தை நிர்வகிக்கப் பயின்றவள் ஒருத்தி, பிள்ளை பெற்று வளர்க்கப் பயின்றவள் இன்னொருத்தி. அந்த இருவருமே ஒருவரையொருவர் விரும்பிவிடுகிறார்கள். இவ்விரண்டு நூல்களிலும் தடைக்கு வேர் இருக்கிறது. யாருக்கு இலாபம், எந்த அதிகாரம் அதைக் காக்கிறது என்பதை ஆசிரியர்கள் யோசித்திருக்கிறார்கள். அந்த யோசனை இல்லாமல், நம் உலகின் வெறுப்பை அப்படியே எடுத்துக்கொண்டு போய் டிராகன்கள் பறக்கும் நாட்டில் வைத்துவிடும் நாவல்களும் பரிசீலனைக்கு வருகின்றன. காரணம் சொல்லப்படாத வெறுப்பு, படிக்கும் பிள்ளைக்கு அது இயற்கை விதி என்றே தோன்றச் செய்யும். அத்தகைய நூலை வாங்க நான் தயங்குவேன்.

பிள்ளைகள் தமக்கு வேண்டியதை நேராகக் கேட்பது அரிது. வாள் பிடிக்கும் பெண் வேண்டும், ஆனால் கடைசியில் அவளை ஓர் இளவரசனுக்குக் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று ஒருத்தி கேட்பாள். இன்னொருத்தி ஒரு நூலின் பெயரை மட்டும் சொல்லி, இதைப் போல வேறு உண்டா என்று கேட்டுவிட்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஏன் என்று நான் கேட்பதில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை. இப்படிப்பட்ட உறவை ஊரே எதிர்க்கும் கதை வேண்டுமா, யாரும் பொருட்படுத்தாத கதை வேண்டுமா என்று மட்டும் கேட்பேன். நாள் முழுவதும் தன்னை மறைத்துக் களைத்த பிள்ளைக்கு ‘ஆஷ்’ போன்ற நூல் ஓய்வு தரும். எதிர்த்து நிற்க யாரேனும் காட்டித் தர மாட்டார்களா என்று ஏங்குபவளுக்கு அந்த அமைதியே அந்நியமாகப் படலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்று நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த விதியின் ஆழம், இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடைகளில்தான் எனக்குப் புலப்பட்டது.

முடிவைப் பற்றி நான் கண்டிப்பானவள். இத்தகைய நாவலை வாங்குமுன் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவேன். அதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1952இல் அமெரிக்க எழுத்தாளர் மரிஜேன் மீக்கர் புனைபெயரில் எழுதிய ‘ஸ்பிரிங் ஃபயர்’ நாவலில் பெண்களின் காதல் மகிழ்ச்சியாக முடியக் கூடாது என்று பதிப்பகம் நிபந்தனை விதித்தது. முடிவு நல்லதாக இருந்தால் அஞ்சல் துறை நூலைப் பறிமுதல் செய்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். அதே மீக்கர் பிற்காலத்தில் எம். ஈ. கெர் என்ற பெயரில் இளையோருக்காக எழுதிப் புகழ்பெற்று, பெண்ணை நேசிக்கும் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்ணின் கதையை 1994இல் அவர்களுக்கே கொடுத்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. ஆயினும் காதலியரில் ஒருத்தியைச் சாகடித்து முடிக்கும் வழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. போர்க்களமும் பலியும் நிறைந்த மிகுபுனைவில் அதற்குச் சாக்கு எளிதில் கிடைக்கும். ஆகவே இருவரும் உயிரோடு இருப்பார்களா என்று ஒரு பிள்ளை கேட்டால், கதையின் சுவை கெட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவேன். தொடர் நாவல்களின் முதல் பாகம் பெரும்பாலும் பிரிவில்தான் முடியும் என்பதால், எல்லாப் பாகங்களும் கைக்கு வந்த பிறகே முதலாவதை அலமாரியில் வைக்கிறேன். நடாஷா ஙானின் ‘கேர்ள்ஸ் ஆஃப் பேப்பர் அண்ட் ஃபயர்’ (2018) அரசனின் அந்தப்புரத்துக்குக் கொண்டுவரப்பட்ட பெண்களிடையே முளைக்கும் காதலைச் சொல்கிறது. அதில் பாலியல் வன்முறை இடம்பெறுவதை நூலின் தொடக்கத்திலேயே ஆசிரியர் எச்சரித்துவிடுகிறார். அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டி, படித்துவிட்டு முடிவு செய்துகொள் என்று சொல்வது என் வழக்கம்.

நூலின் முதுகில் வகையைக் காட்டும் வண்ணச் சீட்டு ஒட்டுவது பற்றி எங்கள் அலுவலகத்தில் நீண்ட விவாதம் நடந்தது. சீட்டு இருந்தால் தேடுபவருக்கு எளிது என்பது உண்மை. ஆனால் அந்தச் சீட்டைத் தேடுபவர் மட்டுமா பார்க்கிறார்? உடன் வரும் அண்ணனும் வகுப்புத் தோழியும் பார்ப்பார்கள். எனவே முதுகில் ஒன்றும் ஒட்டாமல், நூற்பட்டியலில் பொருள் தலைப்பை முழுமையாகப் பதிவு செய்வதென்று முடிவாயிற்று. கணினியில் தனியாகத் தேடும் பிள்ளைக்கு எல்லாம் கிடைக்கும், அலமாரியிலோ அது மற்ற மிகுபுனைவுகளின் நடுவே ஒரு மிகுபுனைவாக நிற்கும். தவணை கடந்த நூலுக்கு வீட்டுக்குப் போகும் அறிவிப்பில் தலைப்பைக் குறிப்பிடாமல் அனுப்பவும் ஏற்பாடு செய்துகொண்டோம். வாசகர் எதைப் படிக்கிறார் என்பது வாசகருக்கும் நூலகத்துக்கும் இடையில் இருக்க வேண்டியது.

ஆட்சேபங்கள் வருவதுண்டு. எழுத்தில் தரச் சொல்வோம், முழு நூலையும் படித்தீர்களா என்று கேட்போம், குழு கூடி முடிவு செய்யும்வரை நூலை அலமாரியிலிருந்து எடுக்க மாட்டோம். நான்சி கார்டனின் ‘ஆனி ஆன் மை மைண்ட்’ (1982) மிகுபுனைவு அல்ல என்றாலும், இந்த நடைமுறையின் அருமையை அதன் வரலாறு உணர்த்துகிறது. 1993இல் அமெரிக்காவின் கேன்சஸ் சிட்டியில் அதை எரித்தார்கள். ஓலேத்தா நகரப் பள்ளி நிர்வாகம் நூலகங்களிலிருந்து அதை நீக்கியபோது மாணவர்களும் பெற்றோரும் வழக்குத் தொடர்ந்தார்கள். 1995இல் நூலைத் திரும்ப வைக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. பெற்றோரிடம் பேசும்போது நான் அந்த வழக்கை எடுப்பதில்லை. அவர்களுடைய கவலை பெரும்பாலும் அன்பிலிருந்து வருவது. தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்பதில் அவர்களுக்குச் சொல் உண்டு, மற்றவர் பிள்ளைக்காக முடிவு செய்ய இயலாது என்பதைப் பொறுமையாகச் சொல்வேன்.

இந்த நூல்களுக்கு ஆட்சேபத்தை விடப் பெரிய ஆபத்து எங்கள் நூல் நீக்கப் பட்டியலிலிருந்தே வருகிறது. இரவல் போகாத நூல்களை ஆண்டுதோறும் கணினி வரிசைப்படுத்தித் தரும். இந்த நாவல்களில் பல அதில் வந்து நிற்கும், காரணம் அவை இரவல் பெறப்படாமல் நூலகத்துக்குள்ளேயே படிக்கப்படுகின்றன. வரலாற்று நூல்களின் பின்னாலும் அகராதிகளுக்கு இடையிலும், நாளை வந்து தொடர்வதற்காக யாரோ ஒளித்துவைத்த பிரதிகளை நான் கண்டெடுத்திருக்கிறேன். அடையாளச் சீட்டு இருக்கும் பக்கத்தைக் கலைக்காமல், அந்தப் பயன்பாட்டைக் கணக்கில் ஏற்றிவிட்டு, நூலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறேன்.