பால் ஆகாத பிள்ளையோடு சீர்காழிக்கு

சீர்காழி என்றாலே பால்தான் ஞாபகம் வரும். குளக்கரையில் நின்று அழுத மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தருக்கு அம்பாள் பொற்கிண்ணத்தில் ஞானப்பால் ஊட்டி, அந்தப் பிள்ளை 'தோடுடைய செவியன்' என்று பாட ஆரம்பித்த ஊர். எங்கள் பையனுக்கு ஆறு வயது, பால் ஒரு சொட்டுகூட ஆகாது, பேச்சும் இன்னும் சரியாக வரவில்லை. போயும் போயும் அந்த ஊருக்கா என்று நான் முதலில் முரண்டு பிடித்தேன். என் மாமியார் கணக்கு வேறு. சீர்காழியில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் திருக்கோலக்காவுக்குப் போக வேண்டும், பேச்சு வராத பிள்ளைகளை அங்கேதான் கூட்டிப்போவார்கள் என்றார்.

அவனுக்கு இருப்பது கேலக்டோசீமியா. பால் சர்க்கரை உடைந்தால் வருகிற கேலக்டோஸை உடலுக்குப் பயன்படும்படி மாற்றும் நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யாது, அந்தக் கேலக்டோஸ் ரத்தத்தில் தேங்கி கல்லீரல், கண், மூளை என்று எல்லாவற்றையும் பதம் பார்க்கும். பிறந்த முதல் வாரத்தில் மஞ்சள் காமாலையும் வாந்தியுமாகக் கிடந்தபோதுதான் கண்டுபிடித்தார்கள். தாய்ப்பாலையும் நிறுத்திவிட்டு சோயா பவுடருக்கு மாறினோம். சாப்பாட்டில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் பேச்சும் வளர்ச்சியும் பிந்தலாம் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார், அப்படித்தான் ஆனது.

பயணம் என்றால் எங்களுக்குப் பாதி வேலை சமையலறையிலேயே முடிந்துவிட வேண்டும். நல்லெண்ணெயில் எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், சோயா பால், கால்சியம் மாத்திரை. ஹோட்டல் இட்லியை நம்பலாம், மேலே ஊற்றும் நெய்யை நம்ப முடியாது (எங்கள் டாக்டர் நெய்யும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்). பிஸ்கட்டில் பால் பவுடர் இருக்கும், சில மாத்திரைகளில்கூட லாக்டோஸ் சேர்த்திருப்பார்கள், அதனால் எதை வாங்கினாலும் அட்டையைத் திருப்பிப் படிக்கிற பழக்கம் வந்துவிட்டது. சித்திரையில் திருமுலைப்பால் விழா நடக்கும், கூட்டமும் பாலும் சேர்ந்து வரும் என்பதால் அந்த மாதத்தைத் தவிர்த்தோம்.

சட்டைநாதர் கோயில் பெரிய கோயில். கீழே பிரம்மபுரீஸ்வரர், நடுவில் தோணியப்பர், உச்சியில் சட்டைநாதர். 2023-ல் யாகசாலைக்கு மண் தோண்டியபோது தேவாரச் செப்பேடுகள் கிடைத்தது இங்கேதான். படி ஏறப் பையனால் முடியாது, என் கணவர் தூக்கிக்கொண்டார். திருநிலை நாயகி சன்னதியில் மாமியார் அவனுக்கு ஞானப்பால் கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்பது சுலபமாக இல்லை. நான் கொடுத்த பாலே என் பிள்ளைக்கு விஷமாகப் போயிற்று, இங்கே வந்து இந்தக் கதையைக் கேட்க வேண்டுமா என்று கோபமே வந்தது, அம்பாள் மேல்தான். அந்தக் கோபத்தோடேயே கும்பிட்டேன். வேறெப்படிக் கும்பிடுவது?

பிராகாரத்தில் ஒரு குடும்பம் தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்துக்கொண்டிருந்தது, நெய் மினுமினுக்க. பையன் கையை நீட்டிவிட்டான். "பால், நெய் எல்லாம் அவனுக்கு ஆகாதுங்க" என்றேன். "சாமி பிரசாதம்மா, ஒண்ணும் பண்ணாது, ஒரு வாய் குடுங்க" என்றார் அந்த அம்மா. இதை எத்தனை கோயிலில் கேட்டாயிற்று! நல்ல மனசில்தான் சொல்கிறார்கள், அதனால்தான் பதில் சொல்வது இன்னும் கஷ்டம். அதற்குள் மாமியார் முந்திக்கொண்டார். "சாமிதான் இவனுக்கு ஆகாதுன்னு படைச்சிருக்கு, நாம ஏன் மாத்தணும்? இந்தாடா, திருநீறு பூசிக்கோ" என்று சொல்லிவிட்டு, அவன் தொன்னையைத் தானே வாங்கிச் சாப்பிட்டார்.

அங்கிருந்து திருக்கோலக்கா ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். சின்னக் கோயில், எதிரே குளம், கூட்டமே இல்லை. கைத்தாளம் போட்டுப் பாடி வந்த சம்பந்தரின் பிஞ்சுக் கை நோகுமே என்று சிவன் பொற்றாளம் கொடுத்தாராம். சுந்தரரும் இதைப் பாடியிருக்கிறார். தங்கத்தில் தட்டினால் சத்தம் வருமா? அம்பாள்தான் அதற்கு ஓசை கொடுத்தாள், ஓசைகொடுத்த நாயகி என்றே பெயர். கேட்டதும் எங்கள் பேச்சுப் பயிற்சியாளர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. நாக்கு, உதடு, காது எதிலும் குறையில்லை, எந்த வரிசையில் அசைய வேண்டும் என்ற கட்டளைதான் மூளையிலிருந்து ஒழுங்காக வருவதில்லை என்பார். தாளம் கையில் இருக்கிறது, ஓசைதான் வர வேண்டும்.

அம்பாளுக்குத் தேன் கொடுத்து அதைப் பிள்ளையின் நாக்கில் தடவுவது இங்கே வழக்கம். தேன் அவனுக்கு ஆகும், உணவியல் நிபுணரிடம் முன்பே கேட்டுவைத்திருந்தேன். என் பயம் வேறு. பாலாபிஷேகம் ஆன கையோடு தேன் அபிஷேகம் செய்தால், வழிந்து வரும் தேனில் பாலும் கலந்திருக்குமே? தயங்கித் தயங்கி குருக்களிடம் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. "அபிஷேகத் தேன் வேண்டாம்மா. பாட்டிலைப் பிரிக்காம அப்படியே அம்பாள் காலடியில வச்சு அர்ச்சனை பண்ணித் தரேன், நீங்களே உடைச்சுத் தடவுங்கோ" என்றார். எங்களைப் போன்றவர்கள் எந்தக் கோயிலிலும் இப்படிக் கேட்கலாம், அர்ச்சனைக்கு முன்பே சொல்லிவிட்டால் போதும்.

தேன் பட்டதும் பையன் நாக்கை மேலும் கீழும் சுழற்றி, உதட்டோரம் ஒட்டியதையும் நக்கி, இன்னும் வேண்டும் என்று வாயைத் திறந்து காட்டினான். வாய்ப் பயிற்சிக்கு நான் கெஞ்சும்போது இதில் கால்வாசிகூடச் செய்ததில்லை! அப்புறம் மாமியார் கைத்தட்ட, அவனும் தட்டினான், தாளத்துக்குச் சம்பந்தமே இல்லாமல், சன்னதி அதிர.

அடுத்த வகுப்பில் பயிற்சியாளரிடம் இதைச் சொன்னேன். கைத்தட்டலை விடாதீர்கள், ஒவ்வோர் அசைக்கும் ஒரு தட்டு என்று சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள் என்றார். இப்போது தினமும் சாயங்காலம் மாமியார் அவனை எதிரே உட்காரவைத்து 'பாட்', 'டி' என்று தட்டுகிறார். 'டி' வருகிறது. கோலக்கா அம்பாள் கொடுத்தது என்று தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. 'டி' ஊருக்குப் போகும் முன்பே வந்துகொண்டிருந்ததுதான், அவரிடம் நான் அதைச் சொல்லவில்லை.