கால்வாய் மறுபடியும் ஆறான இடம்: பீஷான் – அங் மோ கியோ பூங்கா

சிங்கப்பூரின் பீஷான் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தால் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். அங் மோ கியோ அவென்யூ 1 வழியாகப் பேருந்திலும் வரலாம். மேரிமவுண்ட் சாலை இந்த 62 ஹெக்டேர் பூங்காவை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே குளத் தோட்டம், கிழக்கே ஆற்றுச் சமவெளி. முதலில் கிழக்கே போங்கள்.

அங்கே வளைந்து வளைந்து ஓடுவது காலாங் ஆறு. லோவர் பியர்ஸ் நீர்த்தேக்கப் பக்கமிருந்து மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகும் தண்ணீர். 2009 வரை இது பூங்காவின் ஓரத்தில் 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டில் ஓடிய கான்கிரீட் கால்வாய். 2012இல் பூங்கா மறுபடி திறக்கப்பட்டபோது, அதே நீர் சுமார் 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறாகியிருந்தது.

செடி நட்டதால் ஆறு வந்துவிட்டது என்று நினைத்தால் இந்த இடத்தின் சாரமே தவறிப்போகும். கான்கிரீட் வழவழப்பானது, மழைநீரைச் சட்டென்று கடத்திவிடும். புல்லும் புதரும் நீரைத் தடுத்து மெதுவாக்கும். வேகம் பாதியானால், அதே வெள்ளம் போக இரண்டு மடங்கு குறுக்குப்பரப்பு வேண்டும். ஆக, பசுமையான கரைக்கு முதல் தேவை அகலம். கால்வாய் அதிகபட்சம் 24 மீட்டர்தான் இருந்தது. இப்போது பெருமழையில் ஆறு ஏறக்குறைய 100 மீட்டர்வரை விரியலாம். கொள்ளளவு சுமார் 40 சதவீதம் கூடியிருக்கிறது. அந்த நிலம் எங்கிருந்து வந்தது? பூங்காவிலிருந்துதான். கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது, பூங்கா தேசியப் பூங்காக் கழகத்துடையது. கால்வாயைச் சீரமைக்க வேண்டிய வேளையும் பூங்காவைப் புதுப்பிக்க வேண்டிய வேளையும் சேர்ந்து வந்தன; இரு கழகங்களும் நிலத்தைப் பொதுவாக்கின. வறண்ட நாளில் நடக்கவும் விளையாடவும் புல்வெளி, மழை நாளில் வெள்ளத்துக்கு இடம். வேறு ஊரில் இதைச் செய்ய நினைப்பவர்கள் செடிப் பட்டியலைக் கேட்பதற்கு முன் இந்த நில ஏற்பாட்டைக் கேட்க வேண்டும்.

அடுத்து, கரையோரம் நின்று வளைவுகளைப் பாருங்கள். வளைவின் வெளிப்புறத்தில் நீர் மோதி மண்ணை அரிக்கும். உட்புறத்தில் வண்டல் படியும். உட்புறத்துக்குப் புல்லே போதும். வெளிப்புறத்துக்குப் பெரிய கற்களை அடுக்கி இடுக்குகளில் உயிர்க்குச்சிகளை, அதாவது செருகினால் வேர்விடும் பச்சைக் குச்சிகளை, செருகுவார்கள். இன்னொரு முறை குச்சிக்கட்டு: தண்டிலிருந்தே வேர்விடும் செடிகளின் கிளைகளைக் கட்டாகக் கட்டி, நீரோட்டத்துக்கு இணையாக ஆழமில்லாத பள்ளத்தில் கிடத்தி, முளையடித்து, பாதி தெரியும்படி மண் போடுவது. முழுக்க வெளியே இருந்தால் காயும், ஆழப் புதைத்தால் அழுகும். செங்குத்தான இடங்களில் மண்ணைத் துணியில் பொதிந்து படிபோல அடுக்கி, அடுக்குகளுக்கிடையே செடி வைப்பார்கள்.

இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் ஆபத்தான காலம் ஒன்றுதான்: வேர் பிடிப்பதற்கு முந்தைய வாரங்கள். அப்போது ஒரு பெருமழை வந்தால் கரை அடித்துப் போகும். ஆற்றில் கை வைக்கும் முன், 2009இல் பூங்காவின் பக்கக் கால்வாய் ஒன்றில் 60 மீட்டர் நீளத்துக்கு 10 முறைகளைச் சோதித்தார்கள். தேறிய ஏழு முறைகள் ஆற்றுக்கு வந்தன. குளிர்நாட்டுக் கையேட்டை வைத்துக்கொண்டு வெப்பமண்டலக் கரையைக் கட்ட முடியாது என்பதால் இந்தச் சோதனை மிக மிக அவசியமாக இருந்தது. வேர் பிடித்த பிறகும் வேலை ஓயாது. புதர் முற்றினால் குப்பை சிக்கும், நீர்வழி குறுகும். கழித்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பக்கத்திலுள்ள மேடு, உடைத்தெடுத்த கால்வாய்க் கான்கிரீட்டை வைத்துக் கட்டியது. ஏறிப் பாருங்கள், சமவெளியின் அகலம் அங்கிருந்துதான் புரியும்.

மேரிமவுண்ட் சாலையைக் கடந்து குளத் தோட்டத்துக்கு வந்தால் நீரைச் சுத்தம் செய்ய, படிப்படியாக இறங்கும் செடிப் பாத்திகள் இருக்கும். நீரை மேல்தட்டுக்கு ஏற்றி, பாத்திகளின் வழியே இறக்குகிறார்கள். வண்டல் வடிகட்டலில் நிற்கும். வேரிலும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும். நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் செடி எடுத்துக்கொள்ளும். இத்தகைய பாத்திகள் இரண்டு விதங்களில் கெடும். வண்டல் அடைத்துக்கொண்டால் நீர் ஒரே ஓடையாக வழி கண்டுபிடித்து, வடிகட்டப்படாமல் ஓடிவிடும். அதனால் பாத்தியின் முழு அகலத்துக்கும் பரவலாக நீர் விட வேண்டும். வெட்டிய செடியை அங்கேயே போட்டால் அழுகி, எடுத்த சத்தையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடும். அள்ளி அகற்ற வேண்டும்.

காலையில் வந்தால் நீர்நாய்க் குடும்பங்கள் கண்ணில் படக்கூடும். யாரும் கொண்டுவந்து விட்டவை அல்ல, தாமாக வந்தவை. தள்ளி நின்று பாருங்கள், உணவு போடாதீர்கள்.

வறண்ட நாளில் ஆற்றுக்குள் இறங்கலாம், வேலி கிடையாது. கரை சாய்வாக இருப்பதால் நீர் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்ல ஏறும், மேலேறி வர நேரம் கிடைக்கும். நீர்மட்ட உணரிகள், எச்சரிக்கை விளக்கு, சைரன் எல்லாம் உண்டு. ஆனாலும் பூங்காவில் வெயில் அடிக்கும்போதே மேற்புறத்தில் மழை கொட்டலாம். சைரன் கேட்டால் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்காமல் சிவப்புக் குறிகளைத் தாண்டி மேலே வந்துவிடுங்கள்.