வேலியும் மதிலும்: உரும்பிராய் நாட்குறிப்பு, 2025

மாசி 3, திங்கள்

ஒழுங்கையின் இரு முனைக்கும் மூன்று முறை நடந்தேன். வேலி என்று சொல்லத்தக்கது இப்போது இரண்டு வளவுகளுக்கு மட்டுமே இருக்கிறது; மற்றவை மதில், இல்லாவிட்டால் தகரம். பனையோலை வேலி நண்பகல் வெயிலையும் விழுங்கிக்கொள்ளும் என்பதையும், வெள்ளையடித்த மதில் அதே வெயிலைத் திருப்பி முகத்தில் எறியும் என்பதையும் கமராவோடு கொண்டுவந்த ஒளிமானிதான் எனக்குக் காட்டித் தந்தது. அம்மா நடந்த ஒழுங்கையின் வெளிச்சத்தை இனி எந்த நேரத்தில் வந்தாலும் எடுக்க முடியாது.

மாசி 4, செவ்வாய்

மேசன் வரவில்லை. நல்லது.

மாசி 6, வியாழன்

சின்ன மாமாவுடன் மறுபடியும் அதே பேச்சு. வளவு வாசலில் நிற்கும் சங்கடப்படலையின் கூரை தாழ்வாக இருக்கிறது, அகலம் போதாது, சீமெந்துக் கல் ஏற்றிய லொறி உள்ளே வராது என்கிறார். மூன்றும் உண்மைதான். ஆனாலும் வழிப்போக்கர் மழைக்கு ஒதுங்கவென்று ஓலைக் கூரையும், உட்காரவென்று இருபுறமும் திண்ணையும், தாகத்துக்கென்று ஒரு சாடித் தண்ணீரும் வைத்துத் தன் வாசலைக் கட்டிய ஓர் ஊர், அந்த வாசலைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கேற்றைப் பொருத்துவதை நான் எப்படிப் பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பது? இன்றைக்கு ஒரு முழுச் சுருளையும், அதன் பன்னிரண்டு படங்களையும், படலைக்கே செலவழித்தேன். இன்னும் நான்கு சுருள்கள் இருக்கின்றன. அவை குளிர்பெட்டியில், மாமியின் தயிர்ச் சட்டிக்குப் பின்னால்.

நில அளவையாளர் வரும் நாள் இன்னும் தெரியவில்லை.

மாசி 7, வெள்ளி

ரொறன்ரோவிலிருந்து தம்பி அழைத்தான். பரிசோதனை முடிவு வரவில்லை. அம்மா தொலைபேசியை வாங்கி, "வேலிப் பொட்டு இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன்.

மாசி 9, ஞாயிறு

பொட்டைத் தேடினேன். கிணற்றடிக்குப் பின்னால், ஒழுங்கையில் இறங்காமலே பெண்கள் ஒரு வளவிலிருந்து மறு வளவுக்குப் போய்வர வேலியில் விட்டிருந்த அந்தச் சிறு இடைவெளியால் தணலும் கறியும் ஊர்ச்செய்தியும் போய்வந்தன. அந்த இடத்தில் இப்போது ஆறடி மதில் நிற்கிறது. அதன் மறுபுறத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, வீட்டுக்காரர் பாரிஸில்.

வேலி எப்படிப் போயிற்று என்று கேட்டால் எல்லோரும் போரைச் சொல்கிறார்கள். பாதிதான் சரி. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு யாழ்ப்பாணத்து வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தவர்கள் பல வளவுகளில் எல்லையையே தேட வேண்டியிருந்தது. ஆனால் வேலி என்பது ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடும் பொருள் அல்ல. கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் வேலியில் நட்ட கதியாலாக நின்று தளிர்க்கும், ஓலை உக்கும், உக்கிய ஓலையைக் கழற்றிப் புகையிலைத் தோட்டத்துச் செம்மண்ணில் பசளையாகத் தாழ்ப்பார்கள், அதற்காகவே புது ஓலை வெட்டி மீண்டும் வேலி அடைப்பார்கள். தோட்டம் செய்ய ஆளில்லாமல் போனபோதே அந்தச் சுற்று அறுந்துவிட்டது. மதிலுக்கு ஆள் தேவையில்லை, வெளிநாட்டிலிருந்து பணம் வந்தால் போதும்.

அரையடிக் காணிக்காகக் கதியாலை நகர்த்திவிட்டுப் பத்து வருடம் நீதிமன்றம் ஏறிய ஊரும் இதுவேதான், அதையும் மறக்கக்கூடாது.

மாசி 12, புதன்

காலை ஆறரைக்குத் தகர வேலி. மீள்குடியேறியபோது தற்காலிகக் கொட்டிலுக்குக் கூரையாக இருந்த தகரங்களை வீடு எழும்பிய பிறகு வேலிக்கு இறக்கியிருக்கிறார்கள். பழைய ஆணித் துளைகளால் வெயில் புகுந்து மண்ணில் புள்ளி புள்ளியாக விழுந்திருந்தது. வந்ததிலிருந்து எடுத்தவற்றில் இதுவே சிறந்த படமாக இருக்கும் என நினைக்கிறேன். யாரும் இதை அழகு என்று சொல்லமாட்டார்கள்.

மாசி 13, வியாழன்

முடிவு வரவில்லை. மேசனும் வரவில்லை.

மாசி 16, ஞாயிறு

எங்கள் வளவுக்கு முன்பு வேலி அடைத்தவர் எழுபத்தெட்டு வயதில் இன்னும் இருக்கிறார் என்று அறிந்து போனேன். அவருடைய தகப்பன் என் பாட்டனாரை 'நயினார்' என்றே அழைத்தாராம். இவர் என்னைத் 'தம்பி' என்றார், கதிரை தந்தார், தேநீர் வந்தது. இந்த ஒரு சொல் மாறுவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகின என்பதை எந்தக் கமராவாலும் எடுக்க முடியாது.

படலையைக் கைத்தொலைபேசியிலும் எடுத்திருந்தேன், அதைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு தம்பி. ஆனா அந்தச் சாடித் தண்ணி உங்கட ஆக்களுக்கு. எங்கட அப்புவுக்குப் படலைக்கு வெளியில வைச்சுக் கையில வார்த்தவை. அவர் அடைச்ச வேலிதான், அவர் அதுக்கு உள்ளுக்கு வரேலாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. தீண்டாமையைக் குற்றமாக்கும் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. ஆனாலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டு நின்றவர்களில் இவரும் ஒருவர். இரண்டு கிழமையாக வேலியைச் சுற்றி நடந்த என் தலையில் இந்தக் கேள்வி ஒருமுறைகூட எழவில்லை. வழிப்போக்கருக்கு வைத்த தண்ணீர் என்று ஆறாம் திகதி எழுதியிருக்கிறேன். அடிக்காமல் அப்படியே விட்டுவைக்கிறேன்.

புறப்படும்போது, தன்னையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். எங்கே நிற்கப் போகிறீர்கள் என்று கேட்டேன். மகன் சுவிஸிலிருந்து அனுப்பிய பணத்தில் எழுப்பிய மதிலுக்கு முன்னால், நீலக் கேற்றைப் பிடித்தபடி போய் நின்றார். கமராவை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன்.

மாசி 18, செவ்வாய்

காய்ச்சல் போல இருக்கிறது. படலைப் பக்கம் போகவில்லை.

மாசி 20, வியாழன்

மாலை ஐந்து மணிக்கு மறுபடி போனேன். சலவைச் சட்டை போட்டுக் காத்திருந்தார். மதில் வெள்ளை, சட்டையும் வெள்ளை. ஒளிமானி சொன்னதைக் கேட்டிருந்தால் முகம் கறுத்துப் போயிருக்கும். அருகில் போய் முகத்துக்கு அளந்து இரண்டு படி கூட்டினேன். மதில் எரிந்து போனாலும் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அவர் காட்ட விரும்பியது அந்த மதிலைத்தானே என்று ஒரு படி குறைத்தேன். பன்னிரண்டு படங்களையும் அவருக்கே எடுத்தேன்.

மாசி 21, வெள்ளி

அம்மாவிடம் பொட்டு இல்லை என்று சொல்லிவிட்டேன். "அப்ப அவையள் எதால வருவினம்?" என்றார். யார் என்று கேட்பதற்குள் தம்பி தொலைபேசியை வாங்கிக்கொண்டான்.

மாசி 22, சனி

காலை ஏழுக்கே மேசன் வந்துவிட்டார். படலையின் கூரையில் ஏறி நிற்கிறார்.