போட் ரெசினில் ஒரு ஹோர்ன் ஸ்பீக்கர்

திருகோணமலையில் ஹோர்ன் ஸ்பீக்கர் செய்யப் போகிறேன் என்றால், "எந்தக் கோயிலுக்கு?" என்றுதான் கேட்பார்கள். திருவிழாக் கூம்பின் கீச்சுக்குரல் அப்படிப் பழகிவிட்டது. குற்றம் கூம்பில் இல்லை. தூரத்துக்குப் பேச்சு விளங்கினால் போதும் என்று செய்தது அது.

நாதஸ்வரத்தின் அணசு, அதாவது விரிந்த அடிப்பாகம், செய்யும் வேலைதான் ஹோர்னுக்கும்: ஒடுங்கிய தொண்டையிலுள்ள அழுத்தத்தை மெல்ல மெல்ல விரித்து வெளிக்காற்றிடம் ஒப்படைப்பது. சாதாரணப் பெட்டி ஒரு வாட்டுக்கு 88 டெசிபல் அளவில் தந்தால், நல்ல ஹோர்ன் 100ஐத் தாண்டும். 10 டெசிபல் கூடினாலே அம்பிளிபயருக்குப் பத்திலொரு பங்கு வேலைதான்.

நான் எடுத்தது 400 ஹேர்ட்ஸ்வரை கீழிறங்கும் எக்ஸ்பொனென்ஷியல் வளைவு. ஒவ்வொரு 4.7 சென்ரிமீற்றருக்கும் குறுக்குப்பரப்பு இரட்டிக்க வேண்டும். ஓர் அங்குலத் தொண்டையில் தொடங்கினால், 32 சென்ரிமீற்றர் நீளத்தில் வாய் 27 சென்ரிமீற்றர் அகலத்துக்கு வந்துவிடும். பாஸுக்கும் ஹோர்ன் என்று ஆசைப்படாதீர்கள். 40 ஹேர்ட்ஸுக்கு வாய் மட்டும் 2.7 மீற்றர்! பாஸுக்குப் பெட்டியே போதும்.

பலகையில் இந்த வளைவைக் கொண்டுவர எந்த ஓடாவியும் சம்மதிக்க மாட்டார். பைபர் போட் திருத்துபவர்கள் இருக்கும் ஊரில் அதற்கு ஏன் கவலை? வளைவைத் தகரத்தில் வெட்டி, நடுக்குழாயைச் சுற்றி இழுத்து, பிளாஸ்டரில் கரு எடுத்தேன். வார்னிஷ், மெழுகு, பிறகு பைபரும் ரெசினும் படை படையாக.

"தம்பி, இந்த வெயிலுக்கு ஹாட்னரைக் கூடுதலா ஊத்திராத, கோப்பைக்குள்ளயே இறுகிப் போயிரும்" என்றார் பட்டறை அண்ணன். 100 கிராம் ரெசினுக்கு 1 கிராம்தான் விட்டோம். காற்று நின்ற இடம் வெள்ளையாகத் தெரியும். ரோலரால் உருட்டி விளிம்புவரை தள்ளினால் பைபர் விரிப்பு கண்ணாடிபோலத் தெளியும். இறுகியதும் கரு வாய்ப்பக்கமாக வழுக்கி வந்தது. தட்டினால் 'ணங்' என்றது. வெளியே மணல் கலந்த ரெசின் பூசியபின் 'தொப்'.

தொண்டையில் பூட்டி ஒலி எழுப்பும் கொம்ப்ரெஷன் ட்ரைவரை 1,000 ஹேர்ட்ஸிலிருந்துதான் பாட விட்டேன். ட்ரைவர் 8 ஓம் என்றால், தாழ்சுரத்தைத் தடுக்கத் தொடரில் 20 மைக்ரோபரட் கப்பாசிற்றர். இது இல்லாமல் ட்ரைவரை அம்பிளிபயரில் கொழுவவே வேண்டாம், மெல்லிய டயபிரம் தாங்காது. பாஸ் பெட்டியை விட ஹோர்ன் மிகச் சத்தம், ஆகவே இரண்டு ரெசிஸ்ரரால் அடக்க வேண்டியும் இருந்தது. எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும்.

குரலும் வயலினும் இப்போது கைக்கெட்டும் தூரத்தில். ஒரு குறை: இந்த வளைவு உயர்சுரத்தை நேரே மட்டும் பாய்ச்சும். நடுக்கதிரையில் இருப்பவருக்கே முழுப்பாட்டு, அதற்கு வீட்டில் தினமும் போட்டி.