பூட்டிய கோப்பும் பூட்டாத பேரும்

"இத யாரு யாரு கேப்பாங்க புள்ள?"

இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் ஒலிப்பதிவுக் கருவியை முக்காலியில் வைத்துக்கொண்டிருந்தபோது அம்மாயி கேட்ட முதல் கேள்வி அது.

"நானும் எங்க மேடமும் மட்டுந்தான் அம்மாயி" என்றேன்.

அந்த 'மட்டும்' என்ற சொல்லைக் காப்பாற்ற மூன்று வாரம் பிடித்தது.

இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று இலங்கையும் இந்தியாவும் பங்கிட்டது 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். என் ஆய்வு அதற்குப் பிறகு இரண்டாகப் பிரிந்த குடும்பங்களைப் பற்றியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மீதி 150,000 பேரின் கதை 1974 வரை தொங்கலில் என்று பாடப்புத்தகம் இரண்டு வரியில் முடித்துவிடும். லயத்து வாசலில் அது முடிவதில்லை. யார் யாருடைய பிறப்புப் பத்திரத்தைக் கொடுத்தார், எந்த அண்ணன் யாரிடமும் சொல்லாமல் இந்தியாவுக்கு மனுப் போட்டார், கோச்சி (ரயில்) ஏற்றிவிட்ட அன்று யார் யாரோடு பேசவில்லை என்று அம்மாயி ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த ஆட்களில் சிலர் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறார்கள். இது வெளியே கசிந்தால் எனக்கு மார்க் குறையும், அவ்வளவுதான். அம்மாயிக்கு அக்கம்பக்கம் இல்லாமல் போகும்.

பதினான்கு பேர், மொத்தம் 23 மணித்தியாலம். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்று கருவியை உச்சத்தில் வைத்திருந்தேன். அப்படிப் பதிந்தால் நிமிடத்துக்கு 17 எம்பி, மணித்தியாலத்துக்கு 1 ஜிபி. ஆக, கிட்டத்தட்ட 24 ஜிபி. பேச்சுக்கு மோனோவே போதும் என்று பிறகுதான் தெரிந்தது. பாதி மிஞ்சியிருக்கும்.

இதை ஒஸ்லோவில் இருக்கும் என் இரண்டாவது மேற்பார்வையாளருக்கு, அதாவது அம்மாயியிடம் நான் சொன்ன அந்த மேடத்துக்கு, அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் 25 எம்பிதான் எல்லை. அதிலும் இணைப்பு அனுப்பப்படும்போது மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும் என்பதால் உண்மையில் 18 எம்பிதான் போகும், அதாவது ஒரு நிமிடப் பேச்சு. கூகுள் டிரைவின் இலவச இடம் 15 ஜிபி. இடம் போதியிருந்தாலும் அதில் போட முடியாது. ஆய்வு ஒழுக்கக் குழு தந்த அனுமதிக் கடிதத்தில், தனிப்பட்ட மேகக் கணக்கு எதிலும் பதிவுகளை வைக்கக்கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து அவர்கள் இதில் கறார். "யாராச்சும் வெளிநாடு போறவங்ககிட்ட பென்டிரைவ்ல குடுத்துவிடு" என்றார் அண்ணன். பென்டிரைவ் தொலைந்தால் எடுத்தவர் வீட்டில் அம்மாயி பேசிக்கொண்டிருப்பார்.

கெம்பஸில் ஒரு சீனியர் அக்காதான் எங்கள் பல்கலைக்கழகத்தின் கோப்பு அனுப்பும் தளத்தைச் சொன்னார். பைல்சென்டர் என்ற திறந்த மூல மென்பொருளில் ஓடுவது. ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நோர்வே, நெதர்லாந்து நாடுகளின் ஆய்வு வலையமைப்புகள் சேர்ந்து வளர்த்தது அது. நோர்வேக்காரர்கள் கைபட்ட மென்பொருளில் நோர்வேக்கே அனுப்பப்போகிறேன் என்பதில் ஏனோ ஒரு சந்தோஷம். அனுப்புகிறவருக்குத்தான் பல்கலைக்கழகக் கணக்கு வேண்டும், பெறுகிறவருக்கு ஒரு சுட்டி போதும்.

ஆனால் அந்தக் கணக்கின் கடவுச்சொல் எனக்கு மறந்துவிட்டது. முதலாம் வருடப் பதிவுக்குப் பிறகு தொட்டதே இல்லை. மூன்று தரம் பிழையாக அடித்ததும் கணக்கு பூட்டிக்கொண்டது. பல்கலைக்கழகத்தில் கேட்டால், நேரில்தான் வர வேண்டும் என்றார்கள். நோர்வூட்டிலிருந்து ஹட்டன், அங்கிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் பேராதனை. போக நான்கு மணித்தியாலம், அங்கே வேலை ஐந்து நிமிடம், திரும்பி வர மீண்டும் நான்கு.

முதல் நாள் பரீட்சார்த்தமாக ஒரே ஒரு பதிவை ஏற்றினேன். 'மறைகுறியாக்கு' என்ற பெட்டியில் சரி போட்டு, தளமே உருவாக்கிக் கொடுத்த நீண்ட கடவுச்சொல்லை எழுதி வைத்துக்கொண்டு அனுப்பினேன். பெரிய காரியம் முடித்த நினைப்பு. எனக்கும் ஒரு பிரதி மின்னஞ்சல் வந்தது. திறந்து பார்த்தால், நடுவில் கோப்பின் பெயர்: அம்மாயியின் முழுப்பெயர், தோட்டத்தின் பெயர், டிவிசன், 'குடியுரிமை–அண்ணன்'. ஒளிவு மறைவே இல்லை.

பெட்டிக்கு ஆமைப்பூட்டுப் போட்டுவிட்டு, உள்ளே இருப்பதைச் சுண்ணாம்பால் மூடியில் எழுதிவைத்த கதை.

அன்றைக்குத்தான் அந்தப் பூட்டு எதைப் பூட்டுகிறது என்று உட்கார்ந்து படித்தேன். கோப்பை என் லெப்டொப்பில் உள்ள பிரவுசரே சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கிறது. ஒவ்வொரு துண்டையும் கடவுச்சொல்லை வைத்துப் பூட்டி, அதற்குப் பிறகே மேலே அனுப்புகிறது. சேர்வருக்குப் போய்ச் சேருவது பூட்டிய துண்டுகள்தான், அதை நடத்துகிற அலுவலர் நினைத்தாலும் உள்ளே இருப்பதைக் கேட்க முடியாது. ஆனால் கோப்பின் பெயர், தலைப்பு வரி, நான் எழுதும் குறிப்பு, பெறுகிறவரின் முகவரி எல்லாம் வெளியேதான் கிடக்கின்றன. பெட்டியில் சரி போடாவிட்டாலோ, சுட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் இறக்கிக்கொள்ளலாம்.

'என் பரிமாற்றங்கள்' பக்கத்தில் போய் அதை அழித்தேன். சுட்டி செத்தது. மின்னஞ்சல் சாகவில்லை. மேடத்துக்குப் போன் போட்டு, இன்பொக்ஸிலும் குப்பைத்தொட்டியிலும் அழிக்கச் சொன்னேன். "நல்ல வேளை, ஒன்றோடு போயிற்று" என்றார்.

பதினான்குக்கும் ம-01 முதல் ம-14 வரை பெயர் மாற்றினேன். எது யாருடையது என்ற பட்டியல் காகிதத்தில், பழைய பிஸ்கட் டின்னுக்குள். எங்கள் பக்கத்தில் 'பேர்' என்றால் பாதி சம்பளக் கணக்குதான். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப் பேர். செக்ரோலில் (தோட்டத்து வருகைப் பதிவேட்டில்) பேர் விழ வேண்டுமென்று நின்ற ஜனத்தின் பேரை நான் இப்போது அழித்துக்கொண்டிருந்தேன்.

கோப்புகளை பிளாக் (FLAC) என்ற சுருக்கிய ஒலி வடிவத்துக்கு மாற்றியதில், ஒலி ஒன்றும் கெடாமல் அளவு ஏறக்குறைய பாதியானது. பூட்டி அனுப்பும் கோப்பு ஒவ்வொன்றும் 2 ஜிபிக்குள் இருக்க வேண்டும் என்பது எங்கள் தளத்தின் விதி, அதற்கும் இது உதவியது. எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது கோயில் பக்க ஜன்னல் திட்டில் மட்டும். ஏற்றும் வேகம் விநாடிக்கு 3 மெகாபிட் வந்தால் அதிர்ஷ்டம், அதுவே 1 ஜிபிக்கு முக்கால் மணித்தியாலம். இரவு டேட்டா நள்ளிரவுக்குப் பிறகுதான் தொடங்கும். ஆகவே நான்கு இரவு. லெப்டொப் தூங்கினால் ஏற்றமும் தூங்கிவிடும் என்பதால் தூக்க அமைப்பை முதலிலேயே நிறுத்தினேன். நான் தூங்காததற்கு அமைப்பு ஒன்றும் தேவைப்படவில்லை. "கொழுந்து மடுவத்துல நிறுவைக்கு நிக்கிற மாதிரி நிக்கிற, போய்ப் படு" என்று அம்மா இரண்டு தரம் எழுந்து வந்து திட்டினார்.

இரண்டாம் இரவு மழை. எங்கேயோ மரக்கிளை விழுந்து கரண்ட் போனது, ரவுட்டர் அணைந்தது, பழைய பெட்டரி லெப்டொப்பும் பின்னாலேயே. அப்போது 38 வீதம். விடிந்து திறந்தால், முடியாத பரிமாற்றத்தைத் தொடரவா என்று தளம் கேட்டது. அதே கோப்பைத் திரும்பத் தெரிவு செய்து, அதே கடவுச்சொல்லைக் கொடுத்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியது. இடையில் கோப்பின் பெயரை மறுபடி மாற்றியிருந்தால் இதுவும் நடந்திருக்காது.

கடவுச்சொல்லைச் சுட்டி போகும் மின்னஞ்சலில் எழுதக்கூடாது, அப்படி எழுதினால் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட மாதிரி. போனில் சொன்னேன். தளம் கொடுத்த முதல் கடவுச்சொல்லில் "அது பூச்சியமா, ஓவா?" என்று இருவரும் பத்து நிமிடம் மல்லாடியிருந்தோம். அதனால் இம்முறை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத ஐந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தேன். மம்பட்டி, தகரம் என்பது மாதிரி (நிச்சயமாக இவையல்ல). மறந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்பதால் அதுவும் காகிதத்தில், ஆனால் வேறு டின்னில்.

இறக்கியதும் எனக்கு அறிவிப்பு வரும்படி வைத்திருந்தேன். பதினான்கும் வந்தன. பிறகு இருபக்கமும் ஷா-256 (கோப்பு வழியில் மாறவில்லை என்று காட்டும் கைரேகை மாதிரி) கணக்கிட்டுப் பார்த்தோம், 64 எழுத்தும் ஒத்துப்போனது. ஏழாம் நாள் சேர்வரில் தானாக அழிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாயியைப் பார்க்கப் போனேன். அழிந்துவிட்டது என்று சொன்னதும் முகத்தைச் சுருக்கினார்.

"அந்த மேடம்கிட்டயும் அழிஞ்சிருச்சா?"

"இல்ல அம்மாயி. அவங்ககிட்ட ஒன்னு, என்கிட்ட ஒன்னு இருக்கு. நடுவுல இருந்ததுதான் அழிஞ்சிருக்கு."

"அப்ப அழியலன்னு சொல்லு."

எனக்குப் பதில் வரவில்லை. பூட்டி வைத்திருக்கிறோம், உங்கள் பேர் எங்கேயும் இல்லை, ஓர் இலக்கம்தான் இருக்கிறது என்றேன். அதற்குச் சிரித்தார்.

"செக்ரோல்லயும் எனக்கு ஒரு நம்பர் இருந்துச்சு. அதையே போட்டிருக்கலாம்ல?"

"அதப் போட்டா கிளாக்கையா பாத்தாலே நீங்கன்னு தெரிஞ்சிருமே."

"அந்தாளுக்கா?" என்றார் அம்மாயி, வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டே. "முப்பது வருசம் பேர் போட்டாரு. ஒரு நாளும் என் பேர ஒழுங்கா எழுதுனதில்ல."