அப்பா உடம்பு தாங்குமா?

அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி, ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்றதும் வீட்டில் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "இந்த வயசுல உடம்பு தாங்குமா?" மயக்க மருந்து டாக்டர் வயதைக் குறித்துக்கொண்டதோடு சரி. அவர் துருவித் துருவிக் கேட்டதெல்லாம் வேறு. சட்டை தொளதொளவென்று ஆகியிருக்கிறதா, குளித்து முடித்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிடுகிறாரா, வெளியே போய்வருவதை நிறுத்திவிட்டாரா என்று.

அப்புறம் முதியோர் நல மருத்துவரிடம் அனுப்பினார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்த்தார்கள். கைப்பிடி வலிமையை அளக்கும் கருவியைக் கொடுத்ததும் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினார். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. கருவி பழுது என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

காரணம் தெரியாமல் எடை குறைவது, ஓயாத அசதி, பிடி தளர்வது, நடை மெதுவாவது, நடமாட்டம் சுருங்குவது என்று ஐந்து அடையாளங்கள். லிண்டா ஃப்ரீட் என்பவரின் குழு 2001-இல் வகுத்தது. இவற்றில் மூன்று இருந்தாலே உடல் தளர்ச்சி என்கிறார்கள். அப்பாவுக்கு மூன்று இருந்தன, நாலாவது சந்தேகத்தில். இப்படித் தளர்ந்தவர்களுக்குச் சிக்கல்களும் அதிகம், ஆஸ்பத்திரியில் தங்குவதும் அதிகம். "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடும். அதுக்கப்புறம் தானா எழுந்து பாத்ரூம் போவாரா, அதைத்தான் நான் யோசிக்கிறேன்" என்றார் அந்த முதியோர் நல டாக்டர். வேறு யாரும் எங்களிடம் அப்படி வெளிப்படையாகப் பேசியதில்லை.

கட்டியை வைத்துக்கொண்டு தள்ளிப்போடுவதா என்று அம்மாவுக்கு ஒரே பயம். குடலில் அடைப்பு இல்லாததால் சில வாரங்கள் பொறுக்கலாம் என்று அறுவை சிகிச்சை டாக்டரும் ஒப்புக்கொண்டார். அந்த வாரங்களில்தான் நிறைய வேலை நடந்தது. கட்டியிலிருந்து ரத்தம் கசிந்து ரத்தசோகை ஆகியிருந்ததால் இரும்புச் சத்தை நரம்பு வழியாக ஏற்றினார்கள். எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் தினமும் சேரவேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி, மூன்று பந்து உள்ள கருவியில் மூச்சை இழுக்கும் பயிற்சி, நடை. "ஆபரேஷன் பண்ணப்போறவனைப் பந்தயத்துக்குத் தயார் பண்றீங்களே" என்று முனகியபடியே செய்தார்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. மறுநாளே பிசியோதெரபிஸ்ட் வந்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டார். படுத்தே கிடந்தால் முதியவர்களுக்குத் தசை கரைகிற வேகம் பயங்கரம் என்றார்.

ஆட்டிவைத்தது இரவுகள்தான். அப்பா என்னைத் தன் தம்பி என்று நினைத்து, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினாயா என்று அதட்டினார். ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று அம்மா அழுதார். ஆபரேஷனுக்குப் பிறகு வருகிற குழப்பநிலை இது, தளர்ந்தவர்களுக்கு அடிக்கடி வருவது என்று நர்ஸ்தான் விளக்கினார். கையைக் கட்டவும் இல்லை, தூக்க மாத்திரை கொடுக்கவும் இல்லை. கழற்றி வைத்திருந்த கண்ணாடியையும் காது மெஷினையும் முதலில் மாட்டிவிட்டார். பகலில் திரையை விலக்கி வெளிச்சம் வரவிட்டார்கள். வீட்டார் ஒருவர் எப்போதும் பக்கத்தில் இருக்கச் சொன்னார்கள். மெல்ல மெல்லத் தெளிந்தது. ஆபரேஷனுக்கு முன்பே இதை யாராவது சொல்லியிருந்தால் அம்மா அத்தனை தவித்திருக்க மாட்டார். எனக்கு இன்னும் அந்தக் கோபம் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகும் தேறுவது ஒரே சீராக இல்லை. நன்றாக நடப்பார், மறுநாள் படுக்கையை விட்டே எழமாட்டார். குளிக்க இன்னும் துணை வேண்டும், பாத்ரூமுக்குத் தானாகவே போய்வருகிறார். இப்போது கீமோ பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. புற்றுநோய் டாக்டர் ரிப்போர்ட்டைப் பிரிப்பதற்கு முன்பே, அப்பாவை வாசல்வரை நடந்துவிட்டு வரச் சொன்னார்.