மணக்குடிப் படகில் வயரிங் மாற்றி சோலார் போட்டேன்

போன மாசம் கன்னியாகுமரி மாவட்டத்து மணக்குடிக் காயலில் இருட்டிய பிறகு திரும்பும்போது வலப்பக்கப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது. எதிரே வள்ளங்கள் வருகிற இடம் அது. கரையேறியதுமே முடிவு செய்துவிட்டேன், வயரிங் முழுவதையும் பிடுங்கிப் புதிதாகப் போடுவது என்று. சித்தப்பா பாய் கட்டி ஓட்டிய 18 அடி ஃபைபர் படகு. மோட்டார் கிடையாது, விளக்குக்கான பேட்டரியை வீட்டுக்குத் தூக்கி வந்துதான் சார்ஜ் போட வேண்டும். சரி, கையோடு சோலாரும் போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

முதல் ஞாயிறு பிடுங்குவதிலேயே போனது. பழைய வயர் வெளியே பளபளவென்று இருந்தது. முனையில் ஒரு அங்குலம் உரித்தேன், செம்பு கறுத்துக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் உரித்தேன், அங்கேயும் கறுப்பு. விரலால் தேய்த்தால் இழைகள் பச்சைக் களிம்போடு பொடிப்பொடியாக உதிர்ந்தன. வீட்டுக்குப் போடும் சாதாச் செம்பு வயர் அது. உப்புத் தண்ணீர் முனை வழியே புகுந்து இழைகளுக்கு இடையில் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. குளச்சலில் படகு மோட்டார் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "மக்களே, நல்ல வயரு வாங்குனா மட்டும் போதாது. முனைய அடைச்சாத்தான் நிக்கும்" என்றார்.

வெள்ளீயம் பூசிய 2.5 சதுர மி.மீ. வயரைக் கொச்சியிலிருந்து வரவழைத்தேன். முனைகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கவில்லை. பற்றவைத்த இடம் விறைத்துப்போய், படகு அதிர அதிர அதன் ஓரத்தில் இழை முறியும். முனையில் லக் என்ற உலோக மாட்டியை வைத்து நசுக்கி, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடு காட்டி இறுக்கினேன். ஓரத்தில் பசை பிதுங்கி வந்தால்தான் முனை அடைபட்டது என்று அர்த்தம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ். கரையேற்றும்போதெல்லாம் பாய்மரத்தைக் கழற்றுவதால், அதில் ஏறும் வயருக்கு அடியில் தண்ணீர் புகாத பிளக்.

பேனல் 50 வாட், பேட்டரி 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட். நம் ஊர் 8 டிகிரி அட்சரேகையில், பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் பேனலைச் சாய்க்கத் தேவையில்லை, படுக்கையாகவே வைக்கலாம். பேனல் கடைசியில் போய்ச் சேர்ந்த அமரத்திலிருந்து, அதாவது படகின் பின்முனையிலிருந்து, பேட்டரிக்கு வயர் போக வர 8 மீட்டர். 1 சதுர மி.மீ. வயர் என்றால் 2.6 ஆம்பியர் ஓடும்போது 0.36 வோல்ட் வழியிலேயே போய்விடும், 2.5-ல் 0.14 தான். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் ஈய பேட்டரிக்கான அமைப்பில் வந்திருந்தது. முழு சார்ஜை 14.4 வோல்ட்டுக்கு மாற்றி, ஈய பேட்டரிக்கு அவ்வப்போது கூடுதல் வோல்ட் கொடுக்கும் ஈக்வலைஸை அணைத்த பிறகே இணைத்தேன்.

அப்புறம் நிழல். பேனலை முதலில் பாய்மரத்தடியில்தான் கிடத்திப் பார்த்தேன். உச்சி வெயிலில் மீட்டர் 2.6 ஆம்பியர் காட்டியது. காற்றில் பாய் திரும்பி, நிழல் பேனலின் ஒரு ஓரத்தில் விழுந்ததுதான் தாமதம், முள் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது. 36 செல்லும் ஒரே வரிசையில் கோத்திருக்கின்றன. நிழல் விழுந்த பாதி செல்களை, மின்சாரத்தைச் சுற்றி விடும் பைபாஸ் டயோடு ஒதுக்கிவிட்டால் மிச்சப் பாதி தருவது 9 வோல்ட் போல, அது 13 வோல்ட் பேட்டரிக்குள் ஏறாது. அமரத்துக்குப் பின்னால் குழாய்ச் சட்டம் அடித்துப் பேனலை அங்கே மாற்றினேன். அணியத்தை, அதாவது முன்முனையை, காற்றுக்கு நேராக வைத்து நங்கூரம் போட்டால் அங்கும் சில நேரம் நிழல் வரத்தான் செய்கிறது. அப்போது பாயைச் சுருட்டிவிடுகிறேன்.

விளக்கும் போன் சார்ஜும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 5 ஆம்பியர்-மணி போகிறது. நல்ல வெயிலில் மதியத்துக்குள் அது திரும்ப ஏறிவிடுகிறது. நேற்று இருட்டிய பிறகும் காயலில் சுற்றினேன், இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இரண்டும் அசையாமல் எரிந்தன. தண்ணீர் இறைக்கும் பம்ப் மட்டும் பாக்கி. மிதவை சுவிட்ச் வாங்கி வைத்திருக்கிறேன்.